நோக்கம் நல்லதானால் கொடுமை கூடுமா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் அருமை நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

ஒளுவின் பர்ளுகள் யாவை, தொழுகையை முறிப்பவை எவை, நோன்பில் எது கூடும், எது கூடாது என்றெல்லாம் நாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொள்கின்றோம். கேட்க வேண்டியதுதான். மறுமையில் அடியானிடம் முதன்முதலாகக் கணக்குக் கேட்கப்படும் அமல் தொழுகையே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள், மனிதர்களுக்கிடையே உள்ள வழக்குகளில் முதலில் தீர்க்கப்படுவது சிந்தப்பட்ட இரத்தத்தின் வழக்கே என்றும் அறிவித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). முதற் கணக்கிற்கு ஐந்து வேளையும் ஆயத்தமாகும் நாம், இரண்டாவது கணக்கிற்கு எவ்வளவு ஆயத்தமாயிருக்கின்றோம்? "நாம் யாரையும் கொல்லவில்லையே, யாரையும் வதைக்கவில்லையே" என்று எளிதாகச் சொல்லி விடலாம். அந்தச் சொல் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகின்றோம்.

நம் மாவட்டத்து மண்ணில்

தென்னேரிப் பக்கத்தில் வாழும் நமக்கு ஸ்ரீபெரும்புதூர் எங்கோ தொலைவிலுள்ள ஊரன்று. 1991 மே 21 இரவு, அங்கு நடந்த தேர்தல் கூட்டத்திற்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, மாலை அணிவிப்பவளைப் போல் நெருங்கிய ஒரு பெண் தன் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்ததால் மாண்டார். மாண்டவர் அவர் ஒருவர் மட்டுமா? பாதுகாப்புப் பணியில் நின்ற காவல் கண்காணிப்பாளர் முஹம்மது இக்பால் மாண்டார். ஆய்வாளர்களும் காவலர்களும் மாண்டனர். மகளிர் காங்கிரசைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்மணி மாண்டார். ஒரு தாயும், தலைவரைக் காண அவரோடு வந்திருந்த சின்னஞ்சிறு மகளும் சேர்ந்தே மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

செய்தவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையால் ஈழத்துப் பொதுமக்கள் துன்புற்றது உண்மை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டது உண்மை. அந்தக் கண்ணீரை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால், யாழ்ப்பாணத்தில் சிந்திய இரத்தத்திற்கு அந்தச் சிறுமி என்ன கணக்குக் கொடுக்க வேண்டும்? கூட்டத்தை ஒழுங்கு செய்ய நின்ற காவலர் என்ன கணக்குக் கொடுக்க வேண்டும்?

திருமறையில் யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை எத்தனையோ முறை ஓதியிருக்கின்றோம். அரசனின் அளவு பாத்திரம் இளைய சகோதரரின் மூட்டையில் கண்டெடுக்கப்பட்டபோது, மற்ற சகோதரர்கள் மன்றாடுகின்றார்கள். எங்கள் தந்தை மிகவும் முதியவர், இவருக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக் கொள்ளுங்கள் என்கின்றார்கள். யூசுப் (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகின்றார்கள். எவரிடம் பொருள் காணப்பட்டதோ அவரை விட்டு வேறொருவரைப் பிடித்தால் நாங்கள் அநியாயக்காரர்களாகி விடுவோம் என்று மறுத்து விடுகின்றார்கள் (12:79). கவனியுங்கள்! பதிலாக வருபவர் தாமே முன்வந்து இசைகின்றார். இசைந்து வருபவரையே பிடிக்கக் கூடாதென்றால், ஏதும் அறியாமல் மாலையும் கையுமாக நின்றவர்களைக் கொல்வது எந்த மார்க்கத்தில் கூடும்? ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது அல்லாஹ் வகுத்த சட்டம் (6:164). அந்தச் சட்டத்தை உடைப்பதே குண்டு வைப்பவனின் முதற் குற்றம்.

நிய்யத்து ஹராமை ஹலாலாக்காது

"அமல்கள் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்று ஹதீது இருக்கின்றதே, எங்கள் நிய்யத்து நல்லது" என்பார் உண்டு. அந்த ஹதீதின் பொருளை உலமாக்கள் தெளிவாக்கியிருக்கின்றார்கள். நல்ல நிய்யத்து நல்ல காரியத்திற்கும் கூடுமான காரியத்திற்கும் நன்மையைச் சேர்க்கும். விலக்கப்பட்டதை அது ஒருபோதும் கூடுமானதாக்காது. பிறர் வயலில் நெல்லைத் திருடி ஏழைக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினால் அது ஸதகா ஆகுமா? அடுத்தவர் மனையைப் பறித்து அதிலே பள்ளிவாசல் கட்டினால் அது நற்காரியமாகுமா? ஒரு பிடி நெல்லிலும் ஒரு முழ நிலத்திலும் இவ்வளவு பேணுதல் கேட்கும் மார்க்கம், மனித உயிரில் மட்டும் கணக்கை விட்டுக் கொடுக்குமா?

நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்திலேயே பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஹளரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிற்குப் படை அனுப்பியபோது முதியவரையும் பெண்ணையும் பிள்ளையையும் கொல்லாதீர், காய்க்கும் மரத்தை வெட்டாதீர், மடங்களில் ஒதுங்கி வணங்குவோரை அவர்கள் போக்கில் விட்டு விடுவீர் என்று அறிவுறுத்தி அனுப்பினார்கள். படையெடுத்து வந்த எதிரியோடு போரிடும்போதே இவ்வளவு எல்லைகள்! கடைவீதியில், ரயில் நிலையத்தில், வணக்கத்தலத்தில் குண்டு வைப்பவன் இவற்றில் எந்த எல்லைக்குள் நிற்கின்றான்?

காத்தான்குடி தரும் படிப்பினை

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடிப்பதற்கு ஓராண்டுக்குள், 1990 ஆகஸ்ட் 3 அன்று, கிழக்கிலங்கையிலுள்ள காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுது கொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் ஸஃபில் நின்றவாறே, ஸுஜூதில் கிடந்தவாறே ஷஹீதானார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் அவர்களுடைய வீடு வாசல்களிலிருந்து விரட்டப்பட்டனர். இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு கொதிக்கின்றது. கொதிப்பது இயல்பு. அந்தக் கொதிப்பு அடுத்து எங்கே போய் நின்றது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அதே நாட்களில் கிழக்கிலங்கையில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் கையாலும் அப்பாவித் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். பள்ளிவாசலில் சுட்டவர்கள் ஒருவர். பழி தீர்க்கப்பட்டவர்கள் வேறொருவர். இங்கேயும் யூசுப் (அலை) அவர்களின் சட்டம் மிதிக்கப்பட்டது.

அதற்கு 29 ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் பெருநாளில் இலங்கையின் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் தலைமை தாங்கியவன் அதே காத்தான்குடியில் பிறந்தவன். வணங்கி நின்றவர்களின் இரத்தம் ஓடிய ஊரிலிருந்தே, வணங்கி நின்ற வேறு மக்களைக் கொல்ல ஒருவன் புறப்பட்டான் என்றால், சகோதரர்களே, இதைவிடப் பெரிய படிப்பினை நமக்கு வேண்டுமா? அநியாயம் செய்யப்பட்டவன் என்ற பெயர் எவனுக்கும் அநியாயம் செய்யும் உரிமைச் சீட்டாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை உங்களை நீதியினின்று தவறச் செய்ய வேண்டாம் என்று அல்லாஹ் எச்சரிப்பது இதற்காகத்தான் (5:8). அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் வாரிசுக்கு நாம் உரிமை கொடுத்துள்ளோம், ஆனால் அவன் வரம்பு மீறலாகாது என்றும் அவனே சொல்லி வைத்தான் (17:33).

நம் தமிழகத்திலும் இது நடந்தது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதையடுத்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. ஒரு கொலைக்கு, அதில் சம்பந்தமில்லாத 18 உயிர்கள்! அடுத்த 1998 பிப்ரவரி 14 அன்று நகரெங்கும் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். அந்த 58 பேரில் எவர் நவம்பரில் கடையைக் கொளுத்தினார்? எவர் துப்பாக்கி எடுத்தார்? அதை யாரும் விசாரித்து விட்டு வைக்கவில்லை. விளைவு என்ன? கொல்லப்பட்ட 18 பேரின் வழக்கை உலகம் மறந்தது. தமிழகமெங்கும் தாடியும் தொப்பியும் சந்தேகத்திற்கு இலக்காயின.

நம் கூட்டத்தார் செய்தால் என்ன சொல்வது?

"நம்மவர் செய்ததை நாமே பேசலாமா?" என்று தயங்குவோர் உள்ளனர். நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையைப் பாருங்கள். மக்கா வெற்றிக்குப் பின் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்ட காலித் இப்னுல் வலீத் (ரலி) அவர்கள், அம்மக்கள் தங்கள் வழக்கிலுள்ள சொல்லால் இஸ்லாத்தை ஏற்பதாகச் சொன்னதைச் சரிவர விளங்கிக் கொள்ளாமல், பிடிபட்டவர்களைக் கொல்லும்படி ஆகிவிட்டது. செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, யா அல்லாஹ், காலித் செய்ததற்கு நான் பொறுப்பல்ல என்று அவனிடம் முறையிட்டார்கள் (புகாரி). அலீ (ரலி) அவர்களை அனுப்பி, கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கு நஷ்ட ஈடும் கொடுக்கச் செய்தார்கள். காலித் (ரலி) அவர்களோ இஸ்லாத்தின் மாபெரும் தளபதி. அவர்களிடமும் தவறு நேர்ந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை.

2008 பிப்ரவரியில் தேவ்பந்த் தாருல் உலூமில் கூடிய ஆயிரக்கணக்கான உலமாக்கள், பயங்கரவாதம் இஸ்லாத்திற்கு முற்றிலும் விரோதமானது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மும்பையைத் தாக்கி மாண்டவர்களுக்குத் தங்கள் கபருஸ்தானில் இடமில்லை என்று அந்நகர முஸ்லிம்கள் மறுத்தார்கள். இவை அரசாங்கத்தைத் திருப்திப்படுத்தச் செய்தவை என்று ஏளனம் செய்வோர் பனூ ஜதீமா ஹதீதை மறுபடி படிக்கட்டும்.

கொலைக்குப் பின் வரும் சோதனை

குண்டு வைப்பது ஒரு சோதனை என்றால், குண்டு வெடித்தபின் வருவது இன்னொரு சோதனை. அப்போது நீதியை நடத்த வேண்டியவர்களே நீதியை மறக்கும் நிலை வரும்.

ஹிஜ்ரி 40, ரமளான் மாதம். கூஃபாவின் பள்ளியில் பஜ்ருத் தொழுகைக்காக வந்த அமீருல் முஃமினீன் அலீ (ரலி) அவர்களை இப்னு முல்ஜம் என்பவன் விஷம் தோய்த்த வாளால் வெட்டினான். அவன் குர்ஆன் ஓதுபவன், வணக்கசாலி. அல்லாஹ்வுக்காகவே செய்கின்றோம் என்று நம்பியே செய்தான். நிய்யத்தைச் சாக்காகச் சொல்லும் ஒவ்வொருவனுக்கும் முன்னோடி அவன்தான். பிடிபட்டவனைப் பற்றி, படுக்கையில் கிடந்த அலீ (ரலி) அவர்கள் என்ன கட்டளையிட்டார்கள்? அவனுக்கு உணவும் நீரும் கொடுங்கள், நான் பிழைத்தால் அவன் விஷயத்தை நான் பார்த்துக் கொள்வேன், இறந்தால் ஓர் உயிருக்கு ஓர் உயிர், அவன் உறுப்புகளைச் சிதைக்காதீர்கள், அமீருல் முஃமினீன் கொல்லப்பட்டார் என்று சொல்லிக் கொண்டு மக்களின் இரத்தத்தில் இறங்காதீர்கள் என்று தம் குடும்பத்தாரை எச்சரித்தார்கள். விஷம் உடலில் ஏறிக் கொண்டிருக்கும் நேரத்தில் வந்த வார்த்தைகள் இவை!

நம் நாட்டில் 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி தம் காவலர்களாலேயே கொல்லப்பட்டபின் என்ன நடந்தது? டில்லியிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள், அவர்கள் சீக்கியர்கள் என்ற ஒரே காரணத்திற்காகக் கொல்லப்பட்டனர். அலீ (ரலி) அவர்கள் அஞ்சியது இதைத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் அத்தகைய கலவரம் பரவவில்லை. ஆயினும் அங்கேயும் ஒரு பாடம் இருக்கின்றது. அந்த வழக்கு தடா சட்டத்தின்கீழ் நடந்தது. பொதுச் சட்டத்தில் காவலரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. தடா சட்டத்திலோ காவல் கண்காணிப்பாளர் எழுதிய வாக்குமூலமே சாட்சியாக ஏற்கப்பட்டது. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்போடு எல்லாம் முடிந்திருந்தால் அந்தப் பத்தொன்பது உயிர்களின் கணக்கு யார் தலையில் விழுந்திருக்கும்? மரண தண்டனை உறுதி செய்யப்பட்டவர்களுள் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது 19 வயது. மின்கலங்கள் எதற்காக வாங்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தாம் வாக்குமூலத்தில் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே பணி ஓய்வுக்குப்பின் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். மரண தண்டனை ஆயுளாகக் குறைந்து, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று. எனினும் எழுதாமல் விடப்பட்ட ஒரு வரி ஒரு மனிதனின் முப்பது ஆண்டுகளை எப்படி நிறுத்துப் பார்க்கச் செய்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளானது என்ற கருத்தில் அல்லாஹ் சொன்னது (2:283) வீட்டுக் கடன் பத்திரத்திற்கு மட்டும் உரியதன்று.

அடித்து வாங்கிய சொல்லுக்கு என்ன மதிப்பு?

இனி, பிடிபட்டவனை வதைத்து உண்மையை வரவழைக்கலாமா என்ற கேள்விக்கு வருவோம்.

ஷாம் நாட்டில் நபத்தி இனத்து உழவர்கள் சிலர், வரி கட்டாததற்காக வெயிலில் நிறுத்தப்பட்டுத் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவ்வழியே சென்ற ஸஹாபியான ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் என்ன விஷயமென்று கேட்டார்கள். தெரிந்ததும், உலகில் மனிதர்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் செவியுற்றதாகச் சாட்சி கூறி, ஆளுநரிடம் நேரே சென்று அந்த ஹதீதைச் சொன்னார்கள். ஆளுநர் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டார் (முஸ்லிம்). வதைக்கப்பட்டவர் யார், எந்த மதத்தவர், குற்றம் செய்தாரா இல்லையா என்றெல்லாம் அந்த ஹதீது பிரிக்கவில்லை. மனிதர்களை என்று பொதுவாகவே வந்துள்ளது.

நம் காஞ்சிபுரம் நெசவுக்குப் பெயர் பெற்ற மாவட்டம். ஆதலால் இந்த இரண்டாவது நிகழ்ச்சி நம் மனத்தில் நன்றாகப் பதியும். சிலருடைய பொருள் களவு போயிற்று. அவர்கள் நெசவாளர் சிலர் மீது சந்தேகப்பட்டு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். நுஃமான் (ரலி) அவர்கள் அந்த நெசவாளர்களைச் சில நாள் காவலில் வைத்து, பின்னர் விட்டு விட்டார்கள். அடிக்காமலும் விசாரிக்காமலும் விட்டு விட்டீர்களே என்று பொருளை இழந்தவர்கள் முறையிட்டார்கள். அதற்கு அவர்கள், நீங்கள் விரும்பினால் அடிக்கின்றேன், பொருள் வெளிப்பட்டால் சரி, வெளிப்படாவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அதே அளவு அடி உங்கள் முதுகில் விழும் என்றார்கள். இது உங்கள் தீர்ப்பா என்று அவர்கள் கேட்டபோது, இது அல்லாஹ்வின் தீர்ப்பு, அவனுடைய தூதரின் தீர்ப்பு என்று பதில் சொன்னார்கள் (அபூதாவூத்). முறையிட வந்தவர்கள் மறுபேச்சின்றித் திரும்பியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக் கொள்ளலாம். அடுத்தவன் முதுகைக் காட்டி அடிக்கச் சொல்வது எளிது. தன் முதுகைக் கொடுப்பதுதான் கடினம்.

மூன்றாவது, அம்மார் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. குறைஷியர் அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் வதைத்தார்கள். தாயார் ஸுமய்யா (ரலி) அவர்கள் உயிரையே ஈந்து இஸ்லாத்தின் முதல் ஷஹீதானார்கள். வேதனை தாங்காத அம்மார் (ரலி) அவர்கள், காபிர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லி விட்டு, அழுது கொண்டே நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். உம் உள்ளம் எப்படி இருக்கின்றது என்று கேட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஈமானில் நிலைத்திருக்கின்றது என்றார்கள் அம்மார் (ரலி) அவர்கள். நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை என்ற கருத்துள்ள திருவசனமும் (16:106) இது தொடர்பாகவே இறங்கிற்று. வதையில் வந்த குப்ரின் சொல்லையே அல்லாஹ் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியிருக்க, வதையில் வந்த களவு வாக்குமூலத்தை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓர் ஐயமும் அதற்கு விடையும்

"குண்டு வைத்தவன் பிடிபட்டிருக்கின்றான். இன்னொரு குண்டு எங்கே என்று சொல்ல மறுக்கின்றான். அப்போதும் அடிக்கக் கூடாதா?" என்று கேட்பார் உண்டு. அறிவுடையோர் கேட்கும் கேள்விதான். நம் முன்னோர்களும் இதைப் பேசாமல் விடவில்லை. பொது நலத்தை முன்னிட்டுச் சந்தேகத்திற்குரியவனை அடிக்கலாம் என்று கருதிய இமாம்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹனபீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள், கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், வெறும் சந்தேகத்தின் பேரில் அடிப்பதை ஏற்கவில்லை. ஷாபிஈ மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அல்முஸ்தஸ்ஃபா என்ற நூலில் இந்தப் பொது நலன் வாதத்தையே எடுத்து ஆராய்ந்து, அடிபடுபவன் நிரபராதியாக இருக்கக் கூடும், அவனுடைய நலனும் நலன்தானே என்று கேட்கின்றார்கள். குற்றவாளி ஒருவன் அடிபடாமல் தப்புவது, நிரபராதி ஒருவன் அடிபடுவதைவிட இலேசானது என்ற முடிவுக்கு வருகின்றார்கள்.

கேள்வி கேட்பவர், பிடிபட்டவன்தான் குண்டு வைத்தவன் என்று எடுத்துக் கொண்டு கேட்கின்றார். நிலையத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன்தானா என்பதுதானே அறியப்பட வேண்டியது! அது தெரிந்தபின் அடிப்பதில்லை, தெரிவதற்காகவே அடிக்கின்றார்கள். வலி தாங்காதவன் உண்மையைச் சொல்ல மாட்டான், அடி நிற்பதற்கு எது வேண்டுமோ அதைச் சொல்வான். உண்மையான குண்டு அந்நேரம் வேறிடத்தில் இருக்கும்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற வழக்கில் பிடிபட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு அடுத்தடுத்த நாட்களில் மாண்டார்கள். அங்கே எந்தக் குண்டு மறைந்திருந்தது? 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரிலிருந்த நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படையினரால் அடிபட்டு மாண்டார். அவர் உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் காணப்பட்டன. அவரை அடித்ததால் நகை வெளிப்படவில்லை. நுஃமான் (ரலி) அவர்களின் தீர்ப்புப்படி யாருடைய முதுகில் அந்தக் கணக்கு விழ வேண்டும்? நாட்டைக் காக்கும் பெரிய காரணத்திற்கென்று திறந்த கதவு, ஒரு கைப்பேசிக் கடைக்கும் ஒரு நகைக்கும் திறந்து கொள்கின்றது. அதனால்தான் மார்க்கம் அந்தக் கதவையே அடைக்கின்றது.

சாத்தான்குளத்தில் இன்னொன்றும் நடந்தது. அதே நிலையத்தில் பணி செய்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், உடன் பணியாற்றுவோரின் அச்சுறுத்தல் சூழ்ந்திருந்த நிலையில், தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். உங்களுக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்துள்ள கட்டளையை (4:135) நாம் ஓதுகின்றோம். அவர் அன்று அதைச் செய்து காட்டினார். காவல் துறையில் பணி செய்யும் நம் பிள்ளைகளும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அநியாயம் செய்யும் சகோதரனுக்கு உதவுவது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கின்றார்கள் (புகாரி).

நம் வீட்டுக்குள் வருவோம்

"இவையெல்லாம் இயக்கத்தாருக்கும் காவலருக்கும் உள்ள பேச்சு" என்று தாய்மார்கள் நினைக்கலாம். இல்லை, அம்மா. ஊருக்குள் ஆடு திருடியவன் என்று ஒருவனைப் பிடித்தால் என்ன செய்கின்றோம்? மின்கம்பத்தில் கட்டி வைத்து, போவோர் வருவோரெல்லாம் ஆளுக்கொரு அடி கொடுக்கின்றார்கள். சிறுவர்கள் சுற்றி நின்று பார்க்கின்றார்கள். வீட்டில் ஒரு மோதிரம் காணாமற் போனால் முதலில் யார் மீது கண் விழுகின்றது? பாத்திரம் துலக்க வரும் ஏழைப் பெண் மீதுதானே! அவள் மடியைச் சோதித்து, பிள்ளையை அதட்டி, சத்தியம் செய்யச் சொல்லி அழ வைத்த பிறகு, மோதிரம் அரிசிப் பானையில் கிடைக்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் சுற்றுகின்றார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி நம் வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகித்த கூட்டத்தாரால் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் எல்லாரும் தம் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். நிய்யத்து நல்லது! தீயவன் கொண்டு வரும் செய்தியை விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து விட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் எச்சரித்தது (49:6) அந்தக் கைப்பேசிக்கும் சேர்த்துத்தான்.

முஸ்லிமில் வரும் ஹதீதொன்றில், நாயகம் (ஸல்) அவர்கள் தம் உம்மத்தில் திவாலானவன் யார் என்பதை விளக்கியிருக்கின்றார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு ஒருவன் மறுமைக்கு வருவான். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவர் மீது அபாண்டம் சுமத்தியிருப்பான், ஒருவரை அடித்திருப்பான், ஒருவருடைய இரத்தத்தைச் சிந்தியிருப்பான். அவனுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக அவர்களுக்குக் கொடுக்கப்பட்டு, தீர்ந்த பின் அவர்களுடைய பாவங்கள் அவன் மீது சுமத்தப்படும். கட்டி வைத்தவனுக்குக் கொடுத்த அந்த ஓர் அடிக்கு, நம் தஹஜ்ஜத் தொழுகை எத்தனை போகுமோ, அல்லாஹ்வே அறிவான்.

ஆகவே, நம் வீடுகளில் சில பழக்கங்களை உடனே ஏற்படுத்திக் கொள்வோம். கள்வன் என்று ஒருவன் பிடிபட்டால் அவன் மீது கை வைக்காமல், பிறர் கை வைக்கவும் விடாமல், காவலரிடம் ஒப்படைப்போம். ஒப்படைத்தவர் அவன் வீட்டாருக்கும் செய்தி சொல்லட்டும். கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியல் சட்டத்தின் விதி. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்கு அறிவிக்க வேண்டும், மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பவை டி.கே.பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் விதித்தவை. இவற்றை ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு மூன்று பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிடிபட்டவன் நம்மவனானாலும் வேற்று மதத்தவனானாலும் ஜமாஅத்தார் ஒருவர் நிலையம் சென்று இதைக் கேட்கட்டும். ஹிஷாம் (ரலி) அவர்கள் நபத்தி உழவர்களுக்காகச் சென்றது போலத்தான் அது.

அடுத்து, நாவையும் கைப்பேசியையும் காப்போம். எவரையோ சுட்டுக் கொன்றார்கள், காலை உடைத்தார்கள், எங்கோ குண்டு வெடித்தது என்ற செய்தி வந்ததும் "நன்றாக வேண்டும்" என்று சொல்லும் வழக்கம் நம்மில் பலருக்கும் வந்து விட்டது. மாண்டவர் நம் சமுதாயத்தார் என்றால் கண்ணீர், பிற சமுதாயத்தார் என்றால் மகிழ்ச்சி! அடிபடும் காட்சியைப் படமெடுத்து அனுப்பினால் அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புகின்றோம். பக்கத்திலிருந்து பார்க்கும் பிள்ளை, மனிதன் அலறுவதைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகின்றது. குண்டு வைக்கும் கையும் லத்தி பிடிக்கும் கையும் வானத்திலிருந்து விழுவதில்லை. எந்த வீட்டில் அந்தச் சிரிப்பு பழகப்பட்டதோ அங்கிருந்துதான் வளர்ந்து வருகின்றன.

அநியாயம் செய்யப்பட்டவனின் துஆவை அஞ்சிக் கொள்ளும்படி, யமனுக்கு அனுப்பப்பட்ட முஆத் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அந்த துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றும் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). அநியாயம் செய்யப்பட்டவன் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் கைகளைப் பிறர் இரத்தத்திலிருந்தும், எங்கள் நாவுகளைப் பிறர் வேதனையில் மகிழ்வதிலிருந்தும் காப்பாயாக! ஸ்ரீபெரும்புதூரிலும் கோவையிலும் காத்தான்குடியிலும் கொழும்பிலும், சிறைக்கூடங்களிலும் காவல் நிலையங்களிலும் அநியாயமாக மாண்டோரின் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் நீதியையும் அருள்வாயாக! அநியாயத்திற்கு உள்ளாகும்போது நீதியைக் கைவிடாதவர்களாகவும், வலிமை கிடைக்கும்போது அதனால் வதைக்காதவர்களாகவும் எங்களையும் எங்கள் சந்ததிகளையும் ஆக்கி அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.